புள்ளி இல்லாத அட்டை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய்க்கும் ஒன்றுமில்லை என்று அத்தானிடம் சொல், அவர்தான் முதலில் அதைக் கேட்பார். உனக்கு வாந்தி நின்றதா? மூன்றாம் மாதம் தாண்டினால் நின்றுவிடும் என்று இங்கே குளியலறையைக் கூட்டும் அம்மா சத்தியம் செய்கிறார்.

அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆடு மாடு நோய்களுக்கான ஆராய்ச்சிக்கூடம் என்றால் சாணி அள்ளுகிறேன் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பார். இங்கே ஆட்டையும் மாட்டையும் நான் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி. ஒவ்வொரு குழியிலும் கன்றுக்குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால் அது பிழைப்பது கஷ்டம். ஆனால் சாவதற்குள் அக்கம்பக்கத்துக்கு ஒரு குரல் கொடுக்கும். கேட்ட செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் குரலுக்குப் பெயர்தான் இன்டர்ஃபெரான். அதைப் புட்டியில் வைத்திருக்கிறோம். குழியில் முதலில் அதை விட்டு, பிறகு வைரஸை விட்டு, இரண்டு நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுவேன். உயிரோடு இருக்கிற குழி ஊதாவாக நிற்கும். செத்த குழி வெள்ளை.

எல்லா வைரஸும் ஒரே மாதிரி இல்லை. மாட்டுக்கு வாய்ப்புண் கொண்டுவருகிற ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் அப்பாவி. சொட்டு இன்டர்ஃபெரான் போதும், அடங்கிவிடும். அம்மை வகையில் ஒன்று உண்டு, அதற்கு வழிப்பறி என்று பெயர். செல் கொடுக்கும் குரலைப் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும். மூன்றாவது, செம்மறியாடுகளுக்குக் கரு கலைக்கிற வைரஸ். அதற்கு இங்கே சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் வைத்த பெயர் சம்பந்தி. வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரனை வாயைத் திறக்கவே விடாதாம். இப்போது சம்பந்தி என் பொறுப்பில்தான்.

வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரின் ரத்தத்தையும் ஒரு குழாயில் உறைய வைத்திருப்பார்கள். பின்னால் ஏதாவது ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க. நேற்று உறைபெட்டியைத் துடைத்தபோது என் பெயர் எழுதிய குழாயைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் ரத்தம் இங்கே சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது, அக்கா.

ஏப்ரலில் பத்து நாள் விடுமுறை கேட்டிருக்கிறேன். வந்து உன் வயிற்றில் காது வைத்துப் படுத்துக்கொள்ளப் போகிறேன். அத்தான் வேறு கட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் சின்னு

*

ஜனவரி 21

என் செல்லக் கழுதைக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியும். வாந்தி நின்றது, இப்போது பசி பிடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் என் மேசைக்கு அடியில் தின்பதற்கு ஒரு டப்பா வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

கரு கலைக்கிற சமாச்சாரமெல்லாம் எனக்கு எழுதாதேடி. ஆட்டுக்குத்தான் என்றாலும் படித்த அன்று லென்ஸ் தேய்க்கையில் ஒரு ஜோடி பாழாகிவிட்டது. போன தடவை நடந்ததை நான் இன்னும் கடந்து வரவில்லை. இந்தத் தடவை அத்தான் என்னைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்க விடுவதில்லை. நானும் மூச்சை மெதுவாகத்தான் விடுகிறேன்.

குழாய் விஷயத்தைச் சிரித்து எழுதியிருக்கிறாய். எனக்கு நீ வேலைக்குச் சேர்ந்த சமயம்தான் கண் முன்னால் வருகிறது. நீ காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாய், மறுநாள் ரத்தம் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும், காய்ச்சலோடு போனாலும் எடுக்க மாட்டார்கள் என்று அழுகிறாய். உன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் நான் கையை நீட்டினேன். நாம் இருவரும் ஒரே முகம் என்பதால் ரத்தம் எடுத்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் முதுகிலும் தோல் இருந்திருக்காது. யாரிடமும் உளறிவைக்காதே.

சம்பந்தியிடம் ஜாக்கிரதையாக இரு. கண்ணுக்குப் போட்டுக்கொள்ளும் மூடியைக் கழற்றாதே. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் குட்டியும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை நெட்டித் தள்ளுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சும்மாதான். இரண்டு வருஷத்துக்கு முன் பெருமழை ஓய்ந்த பிறகு உனக்குக் காய்ச்சல் வந்ததே, எத்தனை நாள் இருந்தது? கண் வலித்ததா? வெளிச்சம் பார்க்கக் கூசியதா? குழந்தை போனது காய்ச்சலுக்கு எத்தனை நாள் கழித்து? ஞாபகப்படுத்துவதற்குத் திட்டாதே. இங்கே எங்களுக்கு மேலே இருக்கும் டாக்டரம்மா ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார், பழைய காய்ச்சல்களைப் பற்றி.

நான் இப்போது செய்வது நேரச் சோதனை. சம்பந்தி நுழைவதற்கு ஒரு நாள் முன்னால் இன்டர்ஃபெரான் விட்டால் தட்டு முழுக்க ஊதா. கூடவே விட்டால் பாதிக்குப் பாதி. சம்பந்தி நுழைந்து ஆறு மணி நேரம் கழித்து விட்டால் குழி வெள்ளை. எவ்வளவு விட்டாலும் வெள்ளைதான். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். நேற்று நாலாவது தடவையும் செய்தேன். ஒரே பதில்தான். ஆறு மணி நேரம், அக்கா. காலையில் பல் விளக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் முடிந்துவிடுகிறது.

இங்கே குளிராக இருக்கிறது. இதைக் கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டதற்கு உடனே பதில் எழுது.

சின்னு

*

பிப்ரவரி 24

சின்னு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காக எழுது.

டாக்டரம்மா கேட்டால் டாக்டரம்மா எழுதட்டும். ஆனாலும் சொல்கிறேன். காய்ச்சல் ஒன்பது நாள் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடித்த மாதிரி வலி. ஜன்னலை மூடச் சொல்லி அத்தானிடம் அழுதேன். அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் படுத்தார்கள். கொசு என்றார்கள். காய்ச்சல் விட்டு நாலாம் நாள் கடைக்குப் போனேன். லென்ஸ் பெட்டி வந்திறங்கியது, கடையில் வேறு ஆள் இல்லை, தூக்கி உள்ளே வைத்தேன். அன்று மாலையே ரத்தம் பட ஆரம்பித்தது. ஐந்தாம் மாதம். அந்தப் பெட்டியைத் தூக்காமல் இருந்திருந்தால் இன்று எனக்கு நடக்கிற வயதில் ஒரு பெண் இருந்திருப்பாள். இதை அத்தானிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால் எழுதிக்கொள்.

அதை விடு. உன் ஊரில் மார்கழியில்கூட வெயில் மண்டையைப் பிளக்கிறது, மின்விசிறி போதவில்லை என்று புத்தாண்டுக்கு எழுதினாயே. ஒன்றரை மாதத்தில் கம்பளிக்குள் உட்காரும் குளிர் எங்கிருந்து வந்தது?

உடனே பதில் போடு. அத்தான் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அலுவலகத்தில் எடுத்தவர், நீ உள்ளே இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாராம்.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான். அதனால்தான் கம்பளி.

பெட்டி தூக்கியதால் ஒன்றும் ஆகியிருக்காது, அக்கா. அப்படி நினைக்காதே. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஏப்ரலில் வர முடியாது. வேலை முடியவில்லை. பிரசவத்துக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் இப்போது உன் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே நல்லது. காரணம் கேட்காதே.

அத்தானைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம் என்று சொல். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சின்னு

*

மார்ச் 22

சின்னு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதம் என் முன்னால் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கண் மங்கியவர்கள் ரசீதில் போடும் கையெழுத்தைத் தினம் பார்க்கிறேன். முன்பெல்லாம் நீ அரிசியில் எழுதுகிற மாதிரி பொடிப்பொடியாக எழுதுவாய். இந்தக் கடிதத்தில் ஒரு வரிக்கு ஆறு சொல். மூன்றாவது வரி இரண்டாவது வரியின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. கீழே கையெழுத்து காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிவிட்டது.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். கையை நீட்டிப் பிடித்துக்கொள். ஒரு கண்ணை மூடு. நடுவில் உள்ள கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் கோடுகள் வளைகிறதா, எங்காவது கட்டம் காணாமல் போகிறதா என்று பார். பிறகு அடுத்த கண். பார்த்ததை அப்படியே எழுது.

இரவெல்லாம் குழந்தை உதைக்கிறது. நான் தூங்காததால்தான் அதுவும் தூங்கவில்லை என்று அத்தான் சொல்கிறார். தூங்காததற்குக் காரணம் நீ.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீணாகப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அட்டையை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கோடெல்லாம் நேர்நேராக இருக்கிறது. நடுவில் உள்ள புள்ளியும் பளிச்சென்று தெரிகிறது. திருப்தியா?

நீ இவ்வளவு தூரம் கேட்பதால் சொல்கிறேன். பிப்ரவரி முதல் வாரம் சின்னதாக ஒன்று நடந்தது. கண் மூடியில் ஆவி படிந்து குழி தெரியவில்லை என்று ஒரு நொடி நெற்றிக்கு ஏற்றினேன். சொட்டுச் சொட்டாக விடும் பிப்பெட்டிலிருந்து சம்பந்தி கலந்த ஒரு துளி தெறித்து இடது கண்ணில் பட்டது. ஸ்டோர்காரர் பார்த்துவிட்டார், பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். கண்ணைக் கால் மணி நேரம் கழுவினேன். சம்பந்தி மனிதருக்கும் தொற்றும் என்பதால் இங்கே ஒரு விதி உண்டு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு உடனே இன்டர்ஃபெரான் ஊசி. ஏற்கெனவே அந்த நோய் வந்து போனவர்களுக்கு அது வேண்டாம். நான் சேர்ந்த நாளில் எடுத்த ரத்தத்தை டாக்டரம்மா சோதித்தார். எதிர்ப்புச் சக்தி ஏராளமாக இருக்கிறதாம். "உனக்கு எப்பவோ வந்து போயிருக்கு, நீ கெட்டிக்காரி, போய் வேலையப் பாரு"ன்னு சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அதோடு முடிந்தது.

இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னு

*

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டு வேலை பார்க்கும் பெண்ணின் அக்கா நான். முன்பின் தெரியாதவள் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். படபடப்பில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தாலும் முழுதும் படியுங்கள்.

நீங்கள் சோதித்த பழைய ரத்தம் என் தங்கையுடையது இல்லை. என்னுடையது. அன்று அவளுக்குக் காய்ச்சல். வேலை போய்விடுமே என்று அவள் பெயரில் நான் கையை நீட்டினேன். யோசனை என்னுடையது. அவள் படுக்கையில் கிடந்தாள். தண்டிக்க வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். எனக்கு இப்போது ஆறாம் மாதம், அதனால் மெதுவாகத்தான் வர முடியும்.

அப்படியென்றால் நோய் வந்து போனது எனக்கு. அவளுக்கு எந்தக் காவலும் இல்லை. கண்ணில் துளி பட்டு இரண்டு மாதமாகிவிட்டது. பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது, கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதினாள். உங்களிடம் மறைத்திருப்பாள். இப்போது கண்.

எங்கள் கடையில் கட்டம் போட்ட அட்டை இரண்டு வகை உண்டு. ஒன்றில் நடுவே கறுப்புப் புள்ளி இருக்கும். இன்னொன்றில் இருக்காது. லைசென்ஸுக்காகக் கண் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கும் லாரி டிரைவர்களுக்காக முதலாளி தனியாக அச்சடித்தது அது. "புள்ளி தெரியுதா?"ன்னு கேட்போம். "நல்லாத் தெரியுது"ன்னு சொல்கிறவரை உட்காரவைத்து மறுபடி சோதிப்போம். என் தங்கைக்கு நான் அனுப்பியது அந்த இரண்டாவது அட்டை. புள்ளி பளிச்சென்று தெரிகிறது என்று பதில் எழுதியிருக்கிறாள். ஒன்று, அவள் கண் போயிருக்கிறது. இல்லையென்றால், பார்க்கவே பயந்து அட்டையைத் தொடாமல் எழுதியிருக்கிறாள்.

இன்றே அவள் கண்ணைப் பாருங்கள். எனக்கு அவளை விட்டால் தாய்வழியில் யாரும் இல்லை.

பணிவுடன்,
அவளுடைய அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உடல்நலமும் வயிற்றிலுள்ள குழந்தையின் நலமும் அறிய விருப்பம். உங்கள் கடிதம் வந்த அன்றே உங்கள் தங்கையை அழைத்தேன். முதலில் மறுத்தாள். உங்கள் கடிதத்தைக் காட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "எங்கக்கா இப்படிப் பண்ணுவான்னு எனக்குத் தெரியும்"னு மட்டும் சொன்னாள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். இடது கண்ணின் விழித்திரையில் நடுப்பகுதி கெட்டிருக்கிறது. அந்தக் கண்ணால் இனி எழுத்தைப் படிக்க முடியும் என்று கண் மருத்துவர் சொல்லவில்லை. வலது கண்ணில் ஓரமாக வீக்கம் இருக்கிறது. அது வடிந்துவருகிறது. அதைக் காப்பாற்றலாம் என்கிறார், ஆனால் வாராவாரம் பார்க்க வேண்டும். மூளைக்கோ ஈரலுக்கோ ஒன்றுமில்லை. அது தெரியும்வரை நான் சாப்பிடவில்லை, சகோதரி.

அவளிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது. உங்களுக்குத் தொற்றவே வழியில்லை, உங்கள் ரத்தத்தை நானே பார்த்தேன். குழந்தைக்கும் அந்தக் காவல் உண்டு. முன்பு உங்களுக்கு வந்த காய்ச்சலையும் இழப்பையும் பற்றி அவள் இப்போதுதான் சொன்னாள். அந்தக் காய்ச்சல் இந்த வைரஸாகத்தான் இருக்க வேண்டும். குழந்தை அதனால்தான் போனது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன். பெட்டி தூக்கியதால் இல்லை.

அன்று நான் அவளுடைய புது ரத்தத்தையும் சோதித்திருக்க வேண்டும். பழையதிலேயே எதிர்ப்புச் சக்தி இருந்தால் புதியதைப் பார்க்க வேண்டாம் என்று விதி எழுதியவள் நான்தான். மருந்து மிச்சம் என்று நினைத்தேன். விசாரணையில் இதையும் சொல்வேன். ஆனாலும் அவளுக்கு இனி உள்ளே வேலை கிடையாது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். துளி பட்ட அன்று, அந்தப் பழைய ரத்தம் தன்னுடையது இல்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் பயமாம். பிறகு, ஆறு மணி நேரம் தாண்டியதும், இனி ஊசி போட்டாலும் பலனில்லை, தன் தட்டில் மூன்று தடவை பார்த்தாயிற்று என்று முடிவு செய்துவிட்டாளாம். தட்டில் ஆறு மணி நேரம் என்பது ஒரே ஒரு அடுக்காகப் படிந்த செல்களுக்குத்தான். மனித உடம்பு தட்டு இல்லை. கண்ணில் பட்ட வைரஸ் உடம்பெல்லாம் பரவ நாட்கள் ஆகும். மூன்றாம் நாள் வந்து சொல்லியிருந்தாலும் ஊசி போட்டிருப்பேன். கண் தப்பியிருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு இருந்தது. எங்கள் வேலையில் இருப்பவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். தட்டையே பார்த்துப் பார்த்து உடம்பும் அதுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று அவளைப் பெற்றவள் இடத்தில் இருக்கும் உங்களைக் கேட்கிறேன்.

உங்கள் நலம் நாடும்,
டாக்டர்

*

ஏப்ரல் 20

அக்கா,

இதை நான் சொல்லச் சொல்ல ஸ்டோர்காரர் எழுதுகிறார். அவர் நல்லவர், யாரிடமும் சொல்ல மாட்டார். உனக்கும் குழந்தைக்கும் சுகமா என்று அவரும் கேட்கிறார்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று. அட்டையைப் பற்றி டாக்டரம்மா சொன்னதும் கோபம் போய்விட்டது. அட்டையை நான் பார்க்கவே இல்லை, அக்கா. உறையிலிருந்து எடுக்கவே இல்லை. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் டாக்டரம்மாவுக்கு முகமே இல்லை, காதும் முடியும்தான் இருக்கிறது. ஒரு மாதமாக அப்படி. வலது கண்ணிலும் மங்கல் வந்த அன்று காலையில் குளியலறையில் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கத்தினேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பழைய குழாயில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன நொடியே உன் காய்ச்சல் ஞாபகம் வந்தது. குழந்தை ஏன் போயிருக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்தது. அதனால்தான் நாள் கணக்கெல்லாம் கேட்டேன். நீ பெட்டியைப் பற்றி எழுதியபோது உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் குழாய் விஷயம் வெளியே வரும். அதனால் விட்டுவிட்டேன். உன்னை அந்தப் பெட்டியோடு இன்னும் இரண்டு மாதம் அழவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன். ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் ஊசி போட்டும் பலனில்லை. அன்று மதியம் வரை பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தேன், அது மட்டும்தான் என் தப்பு. அதற்குப் பிறகு நான் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் இதே கண்தான், இல்லையா? டாக்டரம்மாவைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். உனக்கு ஏதாவது எழுதினாரா? என் கையாலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்றால் என்னால் தாங்க முடியாது, அக்கா. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

சின்னு

*

ஏப்ரல் 28

என் சின்னுவுக்கு,

இதையும் உனக்கு ஸ்டோர்காரர்தான் படித்துக் காட்டுவார். அவருக்கு என் வணக்கம். நீங்கள் எழுதும் கடிதம் என் தங்கை எழுதுவதைவிட அழகாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்கும்படி ஒரு தடவை படியுங்கள்.

நாங்கள் நலம். குழந்தை உதைத்து மேசைமேல் இருந்த ஃபிரேமைத் தள்ளிவிட்டது என்று நான் சொன்னால் கடையில் யாரும் நம்பவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதக் காகிதம் போதாது. இரண்டு வருஷம், சின்னு. அந்தப் பெட்டியின் எடை இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. ராத்திரி அத்தான் தூங்கிய பிறகு அதை எத்தனை தடவை மனசுக்குள் கீழே வைத்திருப்பேன் தெரியுமா? பெட்டி இல்லை, காய்ச்சல் என்று டாக்டரம்மாவின் கடிதத்தில் படித்த அன்று கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தானிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவரும் அழுதார். இதை நீ பிப்ரவரியிலேயே எனக்குக் கொடுத்திருக்கலாம். மன்னிக்க நாளாகும். மன்னிப்பேன், ஆனால் நாளாகும். பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் ஆகும்.

அதனால் கிளம்பி வா. வெள்ளிக்கிழமை அத்தான் அங்கே வந்து சேருவார், உன் பெட்டியை அவர் தூக்குவார். வாராவாரம் கண்ணைப் பார்க்க இங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார், எங்கள் முதலாளியின் மைத்துனர். கட்டிலை ஜன்னலுக்குத் தள்ளிப் போட்டுவிட்டேன். அத்தான் கூடத்தில் படுத்துக்கொள்வார். கடையில் ஃபிரேம்களைப் பெட்டியில் அடுக்க ஒரு ஆள் வேண்டும், அதற்கு ஒரு கண் தாராளம்.

நீ கேட்டதற்குப் பதில். டாக்டரம்மா எனக்கு விவரமாக எழுதியிருந்தார். உன் தட்டு சொன்னதுதான் சரியாம். ஆறு மணி நேரம் தாண்டிய பிறகு நீ சொல்லியிருந்தாலும் ஊசியால் ஒரு பலனும் இருந்திருக்காதாம். உன் கண் உன் கையால் போகவில்லை. இதற்கு மேல் அவரிடம் இதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே, உன் விஷயத்தில் தன்மேலும் தப்பு இருப்பதாக அவர் வருந்துகிறார். அவர் எழுதிய கடிதம் கடைக் காகிதங்களோடு குப்பைக்குப் போய்விட்டது, அதனால் வந்து தேடாதே.

டாக்டரம்மாவுக்கும் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறேன். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காராதே, தூசி கண்ணில் விழும்.

அக்கா